கேம் பெட்டிக்கும் சார்ஜ் ஒப்படைப்பு உண்டு

2025 ஜனவரி 16. காணும் பொங்கல். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது.

பேரனுக்குப் பதினோரு வயது. சிங்கப்பூரில் இருக்கும் அவனுடைய தாய்மாமன் பொங்கலுக்கு வந்தபோது நின்டெண்டோ 'ஸ்விட்ச்' என்ற கேம் பெட்டியை வாங்கி வந்திருந்தார். கையில் வைத்தும் விளையாடலாம், டிவியில் மாட்டியும் விளையாடலாம். இரண்டு நாளாகப் பையனைச் சாப்பாட்டுக்கு எழுப்புவதே பெரும்பாடு. அன்று ஆறரை மணிக்கு மேல் அவனுடைய கூட்டாளி ஒருவன் ஒரு வீடியோ அனுப்பினான். அதே கம்பெனி 'ஸ்விட்ச் 2' வரப்போகிறது என்று அன்றைக்குத்தான் உலகத்துக்குச் சொல்லியிருந்தது.

"தாத்தா, என்னோடது ரெண்டே நாள்ல பழசாயிடுச்சு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றான்.

என் மகன் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். "எட்டு வருஷம் இழுத்தடிச்சிட்டாங்கப்பா. நாலு வருஷம் முன்னாடியே விட்டிருக்கணும். அப்ப இவனுக்குப் புதுசே கிடைச்சிருக்கும்" என்றான். தாய்மாமன் ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லா ஓடுற குதிரையை எதுக்கு மாத்தணும்? விக்கிற வரைக்கும் வித்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார்.

தீர்ப்புச் சொல்ல என்னைப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? நாலைந்து மாதம் இந்தப் பெட்டிகளின் சரித்திரத்தைத் துருவித் துருவிப் படித்தேன். இப்போது சொல்கிறேன்: மகன் சொன்னதும் தப்பு, தாய்மாமன் சொன்னதும் தப்பு. இருவரும் காலண்டரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது காலண்டரை அல்ல.

'இது பசங்க சமாச்சாரம்' என்று நகர்ந்துவிடாதீர்கள். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. அந்தப் பணத்தைப் பசங்களா கொடுக்கிறார்கள்? பாதி வீடுகளில் தாத்தா பாட்டியின் டெபாசிட் வட்டியும் அதில் சேர்ந்திருக்கும்.

முதலில் என் சொந்தக் கதை கொஞ்சம். நான் ஒரு அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பகுதியில் முப்பத்து மூன்று வருஷம் இருந்தேன். நான் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது எனக்கு முன்னால் இருந்தவர் மூன்று மாதம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த ராக்கில் எது, எந்த சப்ளையரை நம்பலாம், எந்த லெட்ஜரில் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சாவியை வாங்கிக்கொள்ள ஆளில்லை. புதியவர் வந்தது மூன்று மாதம் கழித்து. அதற்குள் சாமான் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பித் திரும்பி, வெளியே வாங்கப் பழகிவிட்டார்கள். புதியவர் என்னைவிடக் கெட்டிக்காரர்தான். ஆனால் அவரிடம் வர ஆளில்லை.

சார்ஜ் ஒப்படைப்பது என்றால் என்னவென்று நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. கேம் பெட்டி விஷயமும் அதேதான். நன்றாக விற்ற பெட்டிக்கு வாரிசை எப்போது இறக்குவது என்ற கேள்விக்கு என் பதில் இது: பழைய பெட்டியிடம் ஜனங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் பழையதைச் சில வருஷமாவது பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். தேதி இரண்டாம்பட்சம்.

இந்த வியாபாரத்தின் சூட்சுமம் தெரிந்தால்தான் மீதி புரியும். கேம் பெட்டி மிக்ஸி மாதிரி அல்ல. மிக்ஸி விற்ற அன்றே லாபம் வந்துவிடும். கேம் பெட்டியைப் பல கம்பெனிகள் முதலில் அசலுக்கோ நஷ்டத்துக்கோகூட விற்கின்றன. லாபம் கேசட்டில், அதாவது அந்தப் பெட்டிக்கென்று தனியாக விற்கும் விளையாட்டுகளில் இருக்கிறது. வெளியார் எழுதும் விளையாட்டுக்கும் பெட்டிக்காரருக்குப் பங்கு உண்டு. ஆகவே பெட்டி வாங்கியவர் ஒருநாள் வாடிக்கையாளர் அல்ல, பல வருஷம் கணக்கு வைத்திருப்பவர். அவர் வீட்டு அலமாரியில் பத்துப் பதினைந்து கேசட் இருந்தால், பெட்டியைவிட அதிகப் பணம் அதில்தான் முடங்கியிருக்கும். புதுப் பெட்டியை இறக்குகிறவன் முதலில் அந்த அலமாரியை நினைக்க வேண்டும்.

நினைக்காதவர்கள் பட்ட பாட்டைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் அடாரி என்ற கம்பெனி 1977-ல் விட்ட பெட்டிதான் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு வீடியோ கேமைக் கொண்டுபோனது. பிற்பாடு அதற்கு '2600' என்று பெயரானது. 1982 நவம்பரில் அதே கம்பெனி '5200' என்று ஒரு வாரிசை இறக்கியது. படம் துல்லியம், வேகம் அதிகம், எல்லாம் சரி. ஆனால் 2600-ன் கேசட் அதில் நுழையாது. அதற்கான இணைப்பு பிறகு தனியாக வந்தது. 5200-ஐ 1984-லேயே மூட்டை கட்டினார்கள். அதற்கிடையில் அமெரிக்க வீடியோ கேம் சந்தையே சரிந்தது, அதற்கு வேறு காரணங்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஓரங்கட்டப்பட்ட 2600 மட்டும் 1992 தொடக்கம் வரை விற்றுக்கொண்டிருந்தது. வாரிசு செத்து எட்டு வருஷம் பெரியவர் நடமாடினார்!

கேசட் நுழையாத வேதனை எனக்குச் சொந்த அனுபவம். தொண்ணூறுகளில் சென்னை போயிருந்தபோது பர்மா பஜாரில் மகனுக்கு ஒரு டிவி கேம் வாங்கினேன். மேலே ஜப்பான் பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே யார் செய்ததோ. இரண்டு வருஷத்தில் ஏழெட்டு கேசட் சேர்ந்தது. பெட்டி பழுதானதும் அதே கடையில் 'புது மாடல் சார்' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய கேசட் ஒன்றுகூட அதில் உட்காரவில்லை. அந்தக் கேசட்களை அவன் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு ரொம்ப நாள் வைத்திருந்தான். புதுப் பெட்டிக்கு மறுபடி கேசட் வாங்கித் தரச் சொல்லி அவன் கேட்கவே இல்லை. பையன் அப்படிக் கேட்காமல் விடும் நாள்தான் கம்பெனிக்கு உண்மையான நஷ்டம்.

இனி அவசரக் கட்சிக்குச் சரியான உதாரணம், சேகா. ஜப்பானில் 1988-ல் அவர்கள் விட்ட 'மெகா டிரைவ்' அமெரிக்காவில் 'ஜெனிசிஸ்' என்ற பெயரில் நின்டெண்டோவுக்கே சவால் விட்டது. உலகம் முழுக்க 3 கோடி அளவில் விற்ற பெட்டி. 1994-ல் போட்டிப் பயம் பிடித்தது. அந்த நவம்பரில் அமெரிக்காவில் ஜெனிசிஸ் தலைமேல் செருகுவதற்கு '32எக்ஸ்' என்று ஒரு கருவியை 159 டாலருக்கு விற்றார்கள். அதே நவம்பரில் ஜப்பானில் 'சாட்டர்ன்' என்ற புத்தம்புதிய பெட்டியையும் இறக்கினார்கள். 32எக்ஸ் வாங்கியவன் கையில் இருப்பது வாங்கிய மாதமே அநாதை!

அதோடு நின்றார்களா? அமெரிக்காவில் சாட்டர்ன் 1995 செப்டம்பர் 2 அன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். மே 11-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சி மேடையில் ஏறி, '399 டாலர், இன்றைக்கே கடையில் கிடைக்கும்' என்று அறிவித்தார்கள். கிடைத்தது நாலே கடைத் தொடர்களில். விளையாட்டு எழுதுகிறவர்கள் செப்டம்பருக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தார்கள். விடுபட்ட கடைக்காரர்களுக்கு அவமானம், ஒரு பெரிய பொம்மைக் கடைத் தொடர் சேகா சரக்கையே வைக்க மறுத்தது. அதே நாள் அதே கண்காட்சியில் சோனிக்காரர் ஒருவர் மேடை ஏறி '299' என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். அதுதான் பிளேஸ்டேஷனின் விலை.

பிறகு சேகா மெகா டிரைவை ஓரங்கட்டிவிட்டு முழுக் கவனத்தையும் சாட்டர்ன் பக்கம் திருப்பியது. வாங்கி வைத்திருந்த கோடிக்கணக்கான வீடுகளுக்கு என்ன பதில்? மெகா டிரைவ் கேசட் சாட்டர்னில் ஓடாது. சாட்டர்ன் 1 கோடியைக்கூட எட்டவில்லை. அடுத்து 1998-ல் வந்த 'டிரீம்காஸ்ட்' உண்மையிலேயே நல்ல பெட்டி என்கிறார்கள். ஆனால் மூன்று முறை சூடுபட்ட பூனை நாலாவது தடவை பாலை நம்புமா? 2001 ஜனவரியில், இனிப் பெட்டியே செய்யமாட்டோம் என்று சேகா அறிவித்துவிட்டது.

இத்தனைக்கும் எதிர்க்கடையான நின்டெண்டோ அதே 1994-ல் என்ன செய்தது? பழைய 'சூப்பர்' பெட்டியிலேயே 'டாங்கி காங் கன்ட்ரி' என்ற விளையாட்டை விட்டு லட்சக்கணக்கில் விற்றது. வாரிசை 1996-ல் நிதானமாக இறக்கியது. ஆக, 'சீக்கிரம் விடு, முந்திக்கொள்' என்ற என் மகனின் கட்சிக்கு சேகாவின் கல்லறைதான் பதில்.

தாய்மாமன் கட்சிக்கு வருவோம். 'விற்கிற வரை விற்போம்.' இதைச் செய்து கையைச் சுட்டுக்கொண்டதும் அதே நின்டெண்டோதான். 2006-ல் வந்த 'வீ' என்ற பெட்டி ஞாபகம் இருக்கலாம். கையில் ஒரு குச்சியை ஆட்டினால் டிவியில் டென்னிஸ் ஆடும். நம் வயதுக்காரர்கள்கூட ஆடினார்கள். 2009 மார்ச்சோடு முடிந்த வருஷத்தில் மட்டும் 2 கோடியே 59 லட்சம் விற்றது. அடுத்த வருஷம் 2 கோடியே 5 லட்சம், அதற்கடுத்து 1 கோடியே 50 லட்சம், அப்புறம் 98 லட்சம். படியில் உருளும் சொம்பு மாதிரி இறங்கியது. கடைசி இரண்டு வருஷம் அதற்குப் பெரிய விளையாட்டுகள் விரல்விட்டு எண்ணும்படிதான் வந்தன. வாங்கியவர்கள் குச்சியை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டார்கள். 2012 நவம்பரில் 'வீ யூ' என்ற வாரிசு வந்தது. பழைய வீ-யின் வட்டுகள் அதில் ஓடின. ஓடி என்ன? போட்டுப் பார்க்க ஆளில்லை. அது புதுப் பெட்டியா, பழையதற்கு ஒரு துணைக்கருவியா என்பதே பலருக்கு விளங்கவில்லை. 10 கோடிக்கு மேல் விற்ற அப்பனுக்கு 1 கோடியே 36 லட்சம் விற்ற பிள்ளை. நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் கழித்து வந்தவரின் கதைதான்.

'அப்படியென்றால் உச்சத்திலிருந்து இறங்கி இத்தனை வருஷத்துக்குள் விட வேண்டும் என்று ஒரு கணக்குச் சொல்லுங்கள்' என்று மகன் மடக்கினான். கணக்கே இல்லை என்பதற்கு அவன் மகன் கையில் இருக்கும் பெட்டியே சாட்சி. ஸ்விட்ச் உச்சமாக விற்றது 2021 மார்ச்சோடு முடிந்த வருஷத்தில், 2 கோடியே 88 லட்சம். வாரிசு வந்தது 2025 ஜூன் 5. இடைவெளி நாலு வருஷத்துக்குச் சற்று மேல். வீ-க்கோ உச்சத்துக்கும் வாரிசுக்கும் இடையே மூன்றரை வருஷம்தான். அதிகம் காத்திருந்தவர்தான் ஜெயித்தார்! ஸ்விட்ச் 2 முதல் நாலு நாளிலேயே 35 லட்சத்துக்கு மேல் விற்றது.

வித்தியாசம் எங்கே? ஸ்விட்சுக்கு ஆறு வயது கடந்து, 2023 மே மாதம் வந்த ஒரு 'செல்டா' விளையாட்டு மூன்றே நாளில் 1 கோடி பிரதி விற்றது. அதாவது பெட்டி விற்பனை குறைந்தாலும் வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் புதுக் கேசட் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வீ-யின் ஆறாவது வயதில் வீடுகள் இருட்டு. பெட்டி விற்பனையைப் பார்த்துத் தேதி குறிக்காதே, கேசட் விற்பனையைப் பார்த்துக் குறி. என் தீர்ப்பு இவ்வளவுதான்.

இதை யாராவது ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. 2000 மார்ச் 4 அன்று இரண்டாவது வந்தபோது முதலாவது இன்னும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. புதியதில் பழைய வட்டுகள் ஓடின. அதோடு, அதே வருஷம் பழையதையே சிறிதாக்கி 'பிஎஸ் ஒன்' என்று விற்றார்கள். 2006 வரை அதைச் செய்தார்கள். ஆறு வருஷம் அப்பனும் பிள்ளையும் ஒரே கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவதன் கதை இன்னும் அழகு. 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது, அமெரிக்காவில் 499 டாலர், 599 டாலர் என்று இரண்டு விலையில். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். சின்னவர் தடுமாறியபோது குடும்பத்தைத் தாங்கியவர் பெரியவர்தான். 'காட் ஆஃப் வார்' இரண்டாம் பாகம் 2007 மார்ச்சில் பழைய பெட்டிக்குத்தான் வந்தது. 2000-ல் 299 டாலராக இருந்த அதன் விலை 2009-ல் 99 டாலர் ஆனது. புதியதை வாங்க வசதியில்லாத நாடுகளுக்கு அது அப்போதுதான் போய்ச் சேர்ந்தது. அதே 2009-ல் ஹைதராபாத்தில் உருவான அனுமார் விளையாட்டு ஒன்று அந்தப் பெட்டிக்கு வந்தது என்றால் பாருங்கள். 2013 ஜனவரியில்தான் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. அதை 2006-லேயே கொன்றிருந்தால் இதில் எத்தனை வீடுகள் விடுபட்டுப் போயிருக்கும்!

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, மறைக்கக்கூடாது. 'பழையதிலும் ஓட வேண்டும் என்று எழுதினால் புதியதன் முழு பலம் தெரியாமல் போகும்' என்கிறார்கள் விளையாட்டுப் பித்தர்கள். உண்மைதான். பிளேஸ்டேஷன் 5 வந்து இரண்டு வருஷம் கழித்து 2022-ல் வந்த பெரிய விளையாட்டுகூட பிளேஸ்டேஷன் 4-லும் ஓடும்படி வந்தது என்று முணுமுணுத்தார்கள். நான் கேட்கிறேன்: பந்தியில் முதல் வரிசைக்குப் பாயசம் கொஞ்சம் தாமதமானால் என்ன குடி முழுகிப்போகும்? கடைசி வரிசைக்குச் சோறே இல்லை என்பதல்லவா அவமானம்?

'மைக்ரோசாஃப்ட் நாலே வருஷத்தில் எக்ஸ்பாக்ஸை மாற்றி 2005-ல் 360-ஐ விட்டதே, அது ஜெயிக்கவில்லையா?' என்றான் மகன். ஜெயித்தது. ஆனால் பழைய எக்ஸ்பாக்ஸ் நன்றாக விற்ற பெட்டி அல்ல. தோற்ற பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நான் பேசுவது ஜெயித்ததைப் பற்றி. அதோடு, ஒரு வருஷம் முந்திக்கொண்டு வந்த அந்த 360-ல் சிவப்பு விளக்கு எரிந்து பெட்டிகள் நின்றுபோய், 2007-ல் உத்தரவாதத்தை மூன்று வருஷமாக நீட்டி, அதற்கு 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாயிற்று. முந்துவதற்கும் விலை உண்டு.

முன்னதாக வாங்கியவனை மதிப்பது எப்படி என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2011-ல் நின்டெண்டோ '3டிஎஸ்' என்ற கைப்பெட்டியை விட்டு, ஆறே மாதத்தில் 249 டாலரிலிருந்து 169 டாலருக்குக் குறைத்தது. முதலில் வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் ஆனார்கள். கம்பெனி அவர்களுக்கு இருபது பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. தலைவர் சதோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். தப்புக் கணக்குப் போட்டவர் தன் பையிலிருந்து கொடுத்தார். அந்த மாதிரி மனிதர்கள் கையில் வாரிசு பிரச்சினை வந்தால் பயமில்லை.

இன்றைய போக்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் பெட்டிக்கு வயதாக ஆக விலை இறங்கும். இப்போது ஏறுகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் எட்டு வயதான பழைய ஸ்விட்சின் விலையை ஏற்றினார்கள், ஐந்து வயதாகப்போகும் பிளேஸ்டேஷன் 5-ன் விலையையும் ஏற்றினார்கள். வரி, உதிரிச் செலவு என்று காரணங்கள் இருக்கலாம். ஆனால் பழையது மலிவாக இருந்தால்தான் வசதியில்லாத வீட்டுப் பையன் உள்ளே வர முடியும். அந்தப் பின்வாசலை மூடிவிட்டு முன்வாசலில் புதுப் பெட்டிக்குத் தோரணம் கட்டினால் நாளைக்கு வர ஆள் எங்கே?

போன தீபாவளிக்குத் தாய்மாமன் மறுபடி வந்தார். "புதுசு வேணுமாடா?" என்று கேட்டார். "இதுலயே இன்னும் ரெண்டு கேம் முடிக்கணும் மாமா. அப்புறம் வாங்கிக்கலாம். இந்தக் கேம்லாம் அதுலயும் ஓடுமாம்" என்றான் பேரன். பொங்கலுக்கு அழுத அதே பையன். பெரும்பாலான பழைய விளையாட்டுகள் அதில் ஓடுகின்றன என்று நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்தத் தடவை பிஸ்கட் டப்பா தேவைப்படாது.